இரவு வானிலைச் செய்தி: ஆவணி மழைக்கு அரை நிமிடம்

ஆவணி பிறந்தும் வெயில் தணியாத சென்னையில், நிலச்சூட்டால் எழும் மேகங்கள் மேற்கே வேலூர், திருவள்ளூர் பக்கம் திரண்டு, பொழுது சாய்ந்தபின் கிழக்கே நகர்ந்து இடியுடன் கொட்டுவது வழக்கம் என்பதால், ஒரு தனியார் தொலைக்காட்சியின் ஏழு மணி வானிலைப் பகுதியை இரண்டு வாரம் விடாமல் பார்த்தேன்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பிழையின்றி, நல்ல உச்சரிப்போடு வாசிக்கிறார்கள். ஆனால், ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதி மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை, ‘சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 சதவீதம் வரை என்பதை ஒரு நாள்கூட விளக்கவில்லை. இது தெரியாதவர்கள்தாம் ‘சொன்ன மழை எங்கே?’ என்று ஆய்வு மையத்தைத் திட்டுகிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பகலில் வந்த அறிக்கையையே மீண்டும் வாசித்து ‘லேசான மழைக்கு வாய்ப்பு’ என்றபோது, எங்கள் மொட்டைமாடிக் கொடியில் துணிகள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தன. திரையில் ஓடியதோ ஏதோ ஒரு டிசம்பரின் வெள்ளக் காட்சி. அதற்குப் பதிலாக டாப்ளர் ரேடார் படத்தைக் காட்டியிருந்தால், மேகம் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டது தெரிந்திருக்கும்.

மீனவர்களுக்கான எச்சரிக்கையை மட்டும் காற்றின் வேகத்தையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக இருமுறை வாசிக்கிறார்கள். அதற்காக இன்னும் அந்தச் சேனலைப் போடுகிறேன். துணி எடுப்பதற்குக் கைப்பேசியில் ரேடார் பார்த்துக்கொள்கிறேன்.