கிருஷ்ணகிரி பைபாஸில் மீன் சாப்பிடப் போகிறவர்களுக்கு

மொத்தம் 3,973 ரூபாய். நாங்கள் நான்கு பேர் சாப்பிட்டது, எப்படிக் கூட்டினாலும், இரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டாது. மிச்சம் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த வித்தை அந்த ஒரு கடையோடு முடிகிறதென்றும் நான் நினைக்கவில்லை.

கடந்த ஜூனில் விடுதித் தோழர்கள் மூவர் ஊருக்கு வந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரன், தஞ்சாவூர்க்காரன், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவன். நாங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை, தர்மபுரியிலிருந்து 2004-இல்தான் பிரிந்தது. அதனால் அவர்கள் வாயில் நான் இன்றும் ‘தர்மபுரி’தான். பகலெல்லாம் மாம்பழ மண்டியில் செந்தூராவும் பெங்களூராவும் பேரம் பேசி, மாலையில் கே.ஆர்.பி. அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அணைக்கரையிலேயே மீன் வறுத்துத் தருகிறார்கள், சூடாக, கண்ணெதிரில். அங்கேயே சாப்பிட்டிருக்கலாம். பெங்களூர்க்காரனுக்கு ஏசி அறை வேண்டுமாம். பைபாஸுக்கு வந்தோம்.

அந்த மேசையில் நாங்கள் போட்ட சத்தத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. விடுதி வார்டனைப் போலப் பேசிக்காட்டுவதில் தஞ்சாவூர்க்காரனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்து மேசைக் குடும்பம் முதலில் முறைத்தது, பிறகு அவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். பரிமாறிய பையன் எங்களோடு சேர்ந்து சிரித்தபடி, “இன்னும் இரண்டு பரோட்டா வைக்கட்டுமா அண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தட்டு காலியானதும் கண் இமைப்பதற்குள் எடுத்துக்கொண்டு போனான். என்ன சுறுசுறுப்பு என்று அப்போது மெச்சினேன். மேசையில் தட்டு இல்லாவிட்டால் எண்ணிப் பார்க்கவும் ஒன்றும் இருக்காது என்பது பில் வந்த பிறகுதான் உறைத்தது.

அந்தப் பில்லுக்கு வருகிறேன். பரோட்டா 22 என்று எழுதியிருந்தது, தின்றது 14. சிக்கன் 65 மூன்று தட்டு, வந்தது இரண்டு. இதெல்லாம் சில்லறைத் திருட்டு. பெரிய அடி மீனில். கட்லா வறுவல் என்ன விலை என்று நான் கேட்டேன். “தொண்ணூறு சார்” என்றான் பையன். துண்டுக்குத் தொண்ணூறு என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆறு துண்டு வந்தது, 540 ரூபாய் ஆகவேண்டும். பில்லில் இருந்ததோ 1,620. நூறு கிராமுக்குத்தான் தொண்ணூறாம். மீன் 1 கிலோ 800 கிராமாம். தலை, வால், குடல் எல்லாம் சேர்த்து, சமைக்கும் முன் நிறுத்த எடை அது. எங்கள் கண்ணில் தராசைக் காட்டவில்லை, மீனையும் காட்டவில்லை.

இதற்குமேல் பத்து சதவீதம் ‘சர்வீஸ் சார்ஜ்’. அதையும் சேர்த்த தொகைக்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. பில்லில் ஜிஎஸ்டி எண் எங்கே என்று தேடினேன். இல்லை. பதிவு எண் இல்லாமல் வரி வசூலித்தால் அது வரியே அல்ல, கல்லாவுக்குப் போகும் கூடுதல் காசு. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், மொத்தம் 15 எழுத்தும் எண்ணும் இருக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைத் தட்டினால் யாருடைய கடை என்று தெரிந்துவிடும். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டிலுக்கு நாற்பது போட்டிருந்ததை மட்டும் நான் கிளறவில்லை. பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் உணவகம் விற்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. வயிறு எரிந்தாலும் அதில் நமக்கு வழக்கு இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான் அங்கே என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். விருந்தாளிகளை உட்காரவைத்துவிட்டு, எட்டுப் பரோட்டாவுக்குச் சண்டை போடுவதா? தஞ்சாவூர்க்காரன் வேறு பர்ஸை எடுக்கப் பார்த்தான். அவன் கையைத் தட்டிவிடும் அவசரத்தில் பில்லை நான் சரியாகக்கூடப் படிக்கவில்லை. அந்தக் கடை விலை போட்டது மீனுக்கா, இந்தக் கௌரவத்துக்கா என்றால் இரண்டாவதற்குத்தான் என்பேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் சாலை பிரியும் ஊர் இது. இன்று சாப்பிட்டவன் நாளை இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மற்றவர்கள் காருக்குப் போனபின் மேலாளரிடம் தனியாகக் கேட்டேன். “சிரித்துக்கொண்டே சாப்பிட்டீர்கள், எண்ணியா சாப்பிட்டீர்கள் சார்?” என்றார். அந்தப் பதிலில்தான் எனக்குக் கோபம் ஏறியது.

மறுநாள் காலை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். சாட்சியாக ஒன்று கைக்குக் கிடைத்தது. நடுவில் நாங்கள் எடுத்த செல்ஃபியில் மேசை முழுக்கத் தெரிகிறது: சிக்கன் இரண்டு தட்டு, மீன் ஆறு துண்டு. கைபேசியில் நேரமும் பதிவாகியிருக்கிறது. அதையும் பில்லின் படத்தையும் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து ஓர் அழைப்பு: அடுத்த முறை வந்தால் தள்ளுபடி தருவார்களாம். தள்ளுபடி வேண்டாம், கூடுதலாக வாங்கிய பணம் வேண்டும் என்றேன். இன்னும் வரவில்லை.

தோழர்கள் அடுத்த ஜூனில் மறுபடி வருகிறார்கள். இம்முறை மீன் அணைக்கரையில்தான் என்று வாட்ஸ்அப் குழுவில் இப்போதே எழுதிவிட்டேன். பரோட்டாவைத் தான் எண்ணிக்கொள்வதாகத் திருநெல்வேலிக்காரன் பதில் போட்டிருக்கிறான்.