எஃப்-1 வரிசையா, எஃப்-3 வரிசையா: அம்மா வழி கிரீன் கார்டில் நான் எடுத்த முடிவு

2020-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்போ அம்மா போட்ட பெட்டிஷன் என்னம்மா ஆகும்?" என்பதுதான். பெற்றோரில் ஒருவர் அமெரிக்க சிட்டிசனாகி, 21 வயது தாண்டிய மகனோ மகளோ இந்தியாவில் இருக்கும் எந்த வீட்டிலும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். கல்யாணம் செய்யாமல் காத்திருந்தால் கிரீன் கார்டுக்கு ஒரு வரிசை, செய்துகொண்டால் இன்னொரு வரிசை. நான் இரண்டாவதில் நிற்கிறேன். அது எனக்குச் சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எங்கள் கதை. அக்கா சிட்டிசன் என்பதால் அம்மாவுக்கு மனு போட்டாள். சிட்டிசனின் பெற்றோருக்கு வரிசை கிடையாது, 2012-ல் அம்மா கிரீன் கார்டோடு போய்விட்டார். அந்த வகையில் போகிறவர் தன்னோடு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடியாது. எனக்கு அப்போது 22. ஐந்து வருடம் முடிந்ததும் அம்மா சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்தார். சிட்டிசன்ஷிப் தேர்வுக்கான நூறு கேள்விகளையும் அக்கா மகள் அட்டைகளில் எழுதி சமையலறை அலமாரிக் கதவுகளில் ஒட்டி வைத்தாள். பருப்பு வேகிற நேரத்தில் அம்மா ஒவ்வொரு கதவாக நின்று படிப்பார். அப்போது தேர்வில் பத்துக் கேள்விகள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. அம்மா முதல் ஆறையும் சரியாகச் சொன்னதால் அதிகாரி அதோடு நிறுத்திவிட்டாராம். அது 2018. அந்த செப்டம்பரிலேயே எனக்காக ஐ-130 என்ற குடும்ப மனு போனது. கட்டணம் அப்போது 535 டாலர். இப்போது காகிதத்தில் போட்டால் 675, ஆன்லைனில் 625.

இதில் ஒரு ஆதங்கம் உண்டு. அம்மா கிரீன் கார்டு வாங்கியவுடனேயே எனக்கு மனு போட்டிருக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கல்யாணமாகாத, 21 தாண்டிய பிள்ளைகளுக்கு எஃப்-2பி என்று ஒரு வகை இருக்கிறது. அம்மா பிறகு சிட்டிசன் ஆனதும் அது அதே தேதியோடு எஃப்-1 ஆக மாறியிருக்கும். எங்களுக்கு படிவம் நிரப்பிக் கொடுத்தவர் "சிட்டிசன் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். நாங்களும் கேட்டுக்கொண்டோம். ஆறு வருடம் அப்படியே போயிற்று. உங்கள் அம்மாவோ அப்பாவோ இப்போது கிரீன் கார்டில் இருந்தால், நீங்கள் கல்யாணம் ஆகாதவராக இருந்தால், இன்றைக்கே போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அவர் சிட்டிசன் ஆவதற்கு முன் நீங்கள் கல்யாணம் செய்தால் அந்த மனு அன்றோடு செத்துப்போகும். கிரீன் கார்டுக்காரரின் கல்யாணமான பிள்ளைக்கு அமெரிக்கச் சட்டத்தில் வகையே இல்லை.

சரி, இரண்டு வரிசைக்கு வருவோம். சிட்டிசனின் கல்யாணமாகாத, 21 தாண்டிய பிள்ளைக்கு எஃப்-1. (மாணவர் விசாவுக்கும் எஃப்-1 என்றுதான் பெயர்; அது வேறு, இது வேறு.) கல்யாணமான பிள்ளைக்கு எஃப்-3. இரண்டுக்கும் வருடத்துக்கு ஏறத்தாழ 23,400 விசா. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் எஃப்-3 ஏன் மெதுவாக நகர்கிறது என்றால், அதில் ஒரு மனுவுக்குப் பின்னால் கணவன் அல்லது மனைவி, 21-க்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள், ஒவ்வொருவரும் ஒரு விசாவை எடுத்துக்கொள்வார்கள். எந்தத் தேதிக்கு முன் போட்ட மனுக்கள் அழைக்கப்படுகின்றன என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் பட்டியல்தான் விசா புல்லட்டின். 2025 இறுதியின் விசா புல்லட்டினில் எஃப்-1 தேதி 2016-ன் கடைசியில் நின்றது, எஃப்-3 தேதி 2011-ல். அதாவது முன்னதில் அழைக்கப்பட்டவர்கள் 9 வருடம் காத்தவர்கள், பின்னதில் 14 வருடம். இது இப்போது அழைக்கப்படுகிறவர்களின் கணக்கு. புதிதாக வரிசையில் சேர்கிறவருக்கு இதே கணக்கு பொருந்தும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

14-ஐயும் 9-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாரும் "ஐந்து வருஷத்தை எதற்கு விடணும், கல்யாணத்தைத் தள்ளிப்போடு" என்றுதான் சொல்வார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியப்பா மகன் அண்ணனின் கதையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் அந்த ஐந்து வருடம் உண்மையில் ஐந்து வருடம் இல்லை என்று புரிந்தது.

அண்ணனுக்குப் பெரியம்மா 2014 அக்டோபரில் மனு போட்டார். அண்ணன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாமல் காத்திருந்து 2023-ல் கிரீன் கார்டோடு போனார். வயது 36. 2024-ல் வந்து கல்யாணம் செய்துகொண்டு மூன்றாவது வாரம் திரும்பிப் போய்விட்டார். கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கு எஃப்-2ஏ என்று தனி வரிசை. இப்போது அதில் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் ஆகிறது. அண்ணி இன்னும் இங்கேதான். வீடியோ காலில் குடும்பம் நடக்கிறது. அண்ணனால் இங்கே வந்து ஆறு மாதம் தங்கவும் முடியாது. அதற்கு மேல் வெளியே இருந்தால் பின்னால் சிட்டிசன்ஷிப் கணக்கில் இடிக்கும், ஒரு வருடம் தாண்டினால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

இப்போது கூட்டிப் பாருங்கள். எஃப்-1-ல் 9 வருடம், அதன் பிறகு பெண்ணோ மாப்பிள்ளையோ பார்த்துக் கல்யாணம், அதன் பிறகு துணைக்கு இரண்டு மூன்று வருடம். குடும்பம் ஒரே வீட்டில் சேர 12 வருடமாவது ஆகிவிடுகிறது. எஃப்-3-ல் 14 வருடம். ஆனால் அந்த 14 வருடமும் கணவனும் மனைவியும் ஒன்றாக இருக்கிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள், அழைப்பு வந்தால் எல்லோரும் ஒரே விமானத்தில் போகிறார்கள். எப்படியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவருக்கு உண்மையான வித்தியாசம் இரண்டு வருடம்தான். அந்த இரண்டு வருடத்துக்காக 28 வயதிலிருந்து 37 வரை தனியாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. 30-ல் கல்யாணம் செய்துகொண்டேன். மகளுக்கு இப்போது மூன்று வயது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் தேதி புல்லட்டின் தேதியிலிருந்து ஓரிரு வருடத் தூரத்தில்தான் இருக்கிறது என்றால், தயவுசெய்து பொறுங்கள். எட்டு வருடம் நின்றுவிட்டு ஒன்பதாவது வருடத்தில் எஃப்-3-க்குப் போவது நியாயமே இல்லை. கல்யாணத்தில் விருப்பமில்லாதவர்களும் யோசிக்கவே வேண்டாம், எஃப்-1-லேயே இருக்கலாம். விவாகரத்தானவர், துணையை இழந்தவர் எஃப்-1-ல்தான் வருவார். அவருடைய 21-க்கு உட்பட்ட பிள்ளைகளும் கூடவே போகலாம்.

கல்யாணம் செய்துகொண்டு அதை மறைத்து எஃப்-1-லேயே போய்விடலாம் என்ற யோசனையும் நம் வீடுகளில் சகஜமாக ஓடுகிறது. "கோயிலில் தாலி மட்டும் கட்டிடலாம், ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம், கார்டு வந்ததும் ஊரறியச் செய்யலாம்" என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். இதைச் செய்யவே செய்யாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் சடங்கு முடிந்தாலே கல்யாணம் ஆகிவிட்டது. பதிவு என்பது அதற்கான சான்றுதான். தமிழ்நாட்டில் 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவின்படி உறவினர் நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர்கூட வேண்டாம். கல்யாணம் நடந்த ஊரின் சட்டப்படி அது செல்லுமென்றால் அமெரிக்காவும் அதைக் கல்யாணம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பத்து வருடம் கழித்து துணைக்கு மனு போடும்போதோ சிட்டிசன்ஷிப் நேர்காணலிலோ பழைய போட்டோ ஒன்று வெளியே வந்தால், உங்கள் கிரீன் கார்டையே பறிக்கலாம்.

இதே காரணத்தால் இன்னொரு தேதியும் முக்கியம். எஃப்-1 விசா பாஸ்போர்ட்டில் குத்திய பிறகும், அமெரிக்க மண்ணில் இறங்கி உள்ளே அனுமதிக்கும் வரை நீங்கள் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். "விசாதான் வந்துவிட்டதே" என்று கிளம்புவதற்கு முந்தைய முகூர்த்தத்தில் தாலி கட்டினால் அந்த விசா செல்லாது. போய் இறங்கிவிட்டு, அடுத்த மாதம் திரும்பி வந்து கட்டுங்கள்.

எஃப்-3-ல் எல்லோரும் பயப்படுவது பிள்ளைகளின் வயதுக்குத்தான். மனு போடும்போதே உங்களுக்குப் பத்து வயதில் மகன் இருந்தால், அழைப்பு வரும்போது அவனுக்கு 24. பெற்றோர் போகலாம், அவன் போக முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு எஃப்-3-ஐ நான் மனதாரச் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன ஆறுதல், 2002-ல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம். மனு அமெரிக்கக் குடியேற்ற அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்-ல் முடிவாகாமல் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்கிறது அது. மனு நான்கு வருடம் கிடப்பில் இருந்திருந்தால் அந்த 24 வயது மகன் கணக்கில் 20 ஆகிறான். விசா எண் கிடைத்த ஒரு வருடத்துக்குள் அவனுக்கான விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட வேண்டும். எஃப்-3 மனுக்கள் மெதுவாகத்தான் நகரும், அந்த மெதுவே இங்கே கைகொடுக்கிறது. என்னைப் போல மனு போட்ட பிறகு பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 2032-ல் அழைப்பு வந்தால் என் மகளுக்குப் பத்து வயது.

எனக்கு உண்மையில் தூக்கம் கெடுவது அம்மாவின் வயதை நினைத்துத்தான். அம்மாவுக்கு இப்போது 71. மனு போட்டவர், நாம் போய் இறங்குவதற்கு முன் இறந்துவிட்டால் மனுவும் போய்விடும். ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட மனுவாக இருந்தால் மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம், அக்காவைப் போல ஒருவர் நிதிப் பொறுப்பை ஏற்க வேண்டும். ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். 9 வருடத்துக்கும் 14 வருடத்துக்கும் இடையில் மிகப் பெரிய வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மனு போடும்போது அம்மாவுக்கு 75, உடல்நிலையும் சரியில்லை என்றால், நான் மேலே போட்ட கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எஃப்-1-ஐப் பற்றிக் கட்டாயம் யோசிப்பேன்.

அம்மா அங்கேயே வசிக்கிறாரா என்பதும் கடைசியில் கேள்வியாக வரும். நிதிப் பொறுப்பு ஏற்கும் ஐ-864 படிவத்தில் அவர் அமெரிக்காவில்தான் வசிக்கிறார் என்று காட்ட வேண்டும். வருமானம் இல்லாவிட்டால் பரவாயில்லை, கூட்டுப் பொறுப்பாளராக அக்கா கையெழுத்துப் போடலாம். ஆனால் சிட்டிசன் ஆனதும் "குளிர் தாங்கலை" என்று ஊருக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிடும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சிக்கல்.

அம்மாவைப் பார்க்கப் போக விசிட்டர் விசா வேண்டுமென்றால் ஐ-130 போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். போட்ட பிறகு விண்ணப்பத்தில் "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா" என்று கேட்பார்கள், ஆம் என்றுதான் எழுத வேண்டும், மறுக்க அது ஒன்று போதும். எனக்கு 2016-ல் எடுத்த பத்து வருட விசா இருந்தது. அது முடியும் தறுவாயில் இருக்கிறது, புதுப்பித்தல் எப்படிப் போகும் என்று இனிதான் பார்க்க வேண்டும்.

இதற்கு ஹெச்-1பி வேலை விசாவில் போய்விடலாமே என்பவர்களுக்கு: கிடைத்தால் போங்கள். அம்மா போட்ட மனு அதற்குத் தடையில்லை. அங்கே இருக்கும்போது தேதி வந்தால் அங்கிருந்தே கிரீன் கார்டுக்கு மாறலாம். ஆனால் 85,000 இடத்துக்குக் குலுக்கல், 2025 செப்டம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்றான பின் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேலைவழி கிரீன் கார்டிலும் இந்தியர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேலே நிற்கிறது. எஃப்-1-லும் எஃப்-3-லும் இந்தியாவுக்கென்று தனி நெரிசல் இப்போது இல்லை, மற்ற பெரும்பாலான நாடுகளின் தேதிதான் நமக்கும்.

அம்மாவின் வயதை நினைத்து, தாமதமாகவாவது ஒரு வேலை செய்திருக்கிறேன். அக்கா வழியாகவும் மனு போட்டாயிற்று. சிட்டிசனின் உடன்பிறந்தவருக்கு எஃப்-4; இந்தியர்களுக்கு அதில் 19 வருடம் ஆகிறது. ஒருவருக்கு எத்தனை மனு வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்று இன்னொன்றைக் கெடுக்காது. 2018-ல் அம்மா போட்ட அன்றே அக்காவும் போட்டிருந்தால் ஏழு வருடம் அதிலும் கழிந்திருக்கும். அப்போது யாருக்கும் தோன்றவில்லை. போன மாதம் ரசீது வந்ததும் அக்கா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். அம்மாவின் மனு ரசீது இருக்கும் கோப்பிலேயே அதையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.