பிக்கப்பில் சத்தம்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கா, அலைன்மென்ட் மெஷினா?

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேத்தியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது என் பிழைப்பு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையமோ 300 மீட்டரை ஒட்டி இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவு இறக்கம் இறங்கி, திரும்பவும் ஏறி வர வேண்டும். இந்த ரோட்டில் ஓடும் பிக்கப்புக்கு முதலில் தேய்வது சஸ்பென்ஷன்தான், அதாவது வண்டியைத் தாங்கிக் குலுக்கலை வாங்கும் பாகங்கள்.

போன வருடம் பின்பக்கம் வளைவுக்கு வளைவு ‘கடக்’ என்று ஒரு சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னதுமே, வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், ஷாக்கப் (ஷாக் அப்சார்பர்) இரண்டையும் மாற்றிவிட்டார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் பட்டைக் கட்டின் (அடுக்கு ஸ்பிரிங்கின்) பட்டைகளை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்திருந்தது. பழுதைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றக்கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கண்டுபிடிக்க நம் பக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் வழி, நாமே பார்ப்பது. டேப், டார்ச், ஜாக்கி, ஒரு கம்பி போதும். வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயர் காற்று இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் சமதரை எங்கே கிடைக்கிறது? பெட்ரோல் பங்க் தரைதான் கொஞ்சம் தேவலை. அங்கேயும் ஒருமுறை அளந்துவிட்டு, வண்டியை அதே இடத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளந்தால், தரைச் சரிவால் வரும் ஏமாற்று தெரிந்துவிடும். இரண்டு தடவையும் இடதுபக்கமே தாழ்ந்திருந்தால் கோளாறு பட்டையில் அல்லது சுருள் (காயில்) ஸ்பிரிங்கில். வண்டியின் உயரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஷாக்கப் அதன் ஆட்டத்தை அடக்க மட்டுமே. வண்டி சாய்ந்து நின்றால் ஷாக்கப் மாற்றிப் பிரயோஜனமில்லை.

அடுத்து, முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் பின் அச்சு நகர்ந்திருக்கிறது. சென்டர் போல்டையும், பட்டைக் கட்டை அச்சோடு பிணைக்கும் யூ போல்டையும் பாருங்கள். என் வண்டியில் இந்த ஒரு அளவைப் போட்டிருந்தால் ஷாக்கப் காசு மிச்சமாகியிருக்கும். பட்டைகளுக்கு நடுவே துருப்பொடி உதிர்ந்தாலோ, உலோகம் உரசிப் பளபளத்தாலோ அங்கே ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம். டயர் மேல் கையை ஓட்டுங்கள். திட்டுத்திட்டாகப் பள்ளம் தட்டினால் ஷாக்கப்பைச் சந்தேகிக்கலாம்.

முன் வீலைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பெரும்பாலும் சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட். இடம் வலமாக ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டு. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, மற்ற வீல்களுக்குக் கல் வைத்த பிறகுதான். இது சரிவான ஊர்.

மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று பார்ப்பார்களே, அதைப் பிக்கப்பில் நான் நம்புவதில்லை. காலி வண்டியில் பட்டைகள் விறைப்பாக இருப்பதால் வண்டி அசையவே அசையாது. பட்டைகளின் உரசலே ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக்கப் செத்திருந்தாலும் நல்லது போலத் தெரியும். ஜனவரி உறைபனிக் காலையில் கேட்கும் கிறீச் சத்தத்தையும் உடனே பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிரில், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் இறுகிவிடும். பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகும் கேட்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அனுபவமுள்ள மெக்கானிக். டேப்புக்குக் கிடைக்காதது அவர் காதுக்குக் கிடைக்கும். எனக்குக் கண்டுபிடித்துத் தந்தவர் தடுப்புச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. வலதுபக்க வளைவில் பாரம் இடதுபக்கம் சாயும். பிரேக் போட்டால் முன்பக்கம் அமுங்கும். எப்போது சத்தம் வருகிறது என்பதை வைத்தே பாதி இடங்களை அவர் கழித்துவிட்டார். குறை என்னவென்றால், பெரும்பாலும் காலி வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். பாரத்தோடு மட்டும் வரும் சத்தம் அதில் வராது. “அண்ணே, லோடு ஏத்திட்டு வர்றேன், அப்புறம் பாருங்க” என்று தயங்காமல் கேளுங்கள். அதற்காகக் கல்லட்டி இறக்கம் பக்கம் போய்விடாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதை, சந்தேகமுள்ள வண்டியைச் சோதிக்கும் இடமல்ல.

மூன்றாவது, கம்ப்யூட்டர் அலைன்மென்ட். சக்கரங்கள் நிற்கும் கோணத்தை மெஷின் துல்லியமாகக் காட்டும். நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டினால் பின் அச்சு திரும்பியிருப்பதும் தெரியும். ஆனால் நின்ற வண்டியைத்தான் அது அளக்கிறது. புஷ் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தளர்ந்த புஷ்ஷோடு கோணம் சரிசெய்தால் அடுத்த லோடில் மாறிவிடும். முன்பக்கமும் ஒரே அச்சாக உள்ள வண்டியில் பொதுவாக டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டுமே திருத்த முடியும்.

என்னைக் கேட்டால், டேப்பும் டார்ச்சும் எல்லோருக்கும் முதல் வேலை. உயரமும் அச்சு அளவும் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், எழுதிய தாளோடு லோடு ஏற்றிய வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பாகம் மாற்றி, யூ போல்டை ஒரு லோடு ஓடிய பிறகு மறுபடி முறுக்கி, அதன் பின்தான் அலைன்மென்ட். வண்டி ஒரு பக்கம் இழுத்து, எங்கேயும் ஆட்டமோ சத்தமோ இல்லாவிட்டால் மட்டும், டயர் காற்றைப் பார்த்துவிட்டு நேரே மெஷினுக்குப் போகலாம்.