ஊனத்தை யார் சொன்னால் எடுபடும்? வேலூர் விபத்து வழக்குகளில் மூன்று வகை மருத்துவச் சாட்சிகள்: ஓர் ஒப்பீடு

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கு நடத்துகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: ஊனத்தை நிரூபிக்க எந்த டாக்டரைக் கூண்டில் ஏற்றுவது? வழிகள் மூன்று. ஆபரேஷன் செய்து கடைசிவரை பார்த்த டாக்டர் ஒருவர். வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயமே கடிதம் கொடுத்து அனுப்பும் மெடிக்கல் போர்டு, அதாவது அரசு மருத்துவமனை டாக்டர்கள் குழு, இன்னொன்று. சிகிச்சையோடு சம்பந்தமே இல்லாமல், வழக்குக்காகப் பரிசோதித்துச் சான்று எழுதித் தரும் தனியார் எலும்பு மருத்துவர் மூன்றாவது. எது சுலபமோ அதைப் பிடிப்பதுதான் வழக்கம். அடிபட்டவர் பணத்தை இழப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சட்டத்தின் பார்வையில் மூவர் சொல்வதும் நிபுணர் கருத்துதான். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆம் பிரிவில் இருக்கிறது. கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. கருத்துக்குப் பின்னால் இருக்கும் காரணம்தான் அவரை நகர்த்தும்.

சதவீதம் என்பது எவ்வளவு பணம் என்று முதலில் தெரிய வேண்டும். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் 32 வயதுக்காரர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய், வலது கணுக்கால் முறிந்து மூட்டு இறுகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிரந்தரப் பணி இல்லாதவர், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை மல்டிப்ளையர், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண், 16. இது 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. பெருக்கினால் 40,32,000. காய வழக்கில் சொந்தச் செலவுக்கென்று எதுவும் கழிப்பதில்லை. ஆக, வருமான இழப்பில் ஒவ்வொரு 1 சதவீதமும் 40,320 ரூபாய்.

இப்போது சான்றில் "45%" என்று இருக்கிறது. அது காலின் 45 சதவீதமா, முழு உடம்பின் 45 சதவீதமா, சம்பாதிக்கும் திறனின் 45 சதவீதமா? மூன்றும் வேறு வேறு. காலில் 45 என்றால் உடம்பில் 15 என்று மூன்றில் ஒரு பங்காக வெட்டும் பழக்கம் உண்டு. அப்படி எழுதப்பட்ட சட்டவிதி கிடையாது. 15% என்றால் 6,04,800 ரூபாய். ஈரத் தரையில் எட்டு மணி நேரம் நின்று தோல் இழுக்கிற வேலைக்கு இந்தக் கணுக்கால் இனி உதவாது, வருமானத்தில் 30% போய்விட்டது என்று நிரூபித்தால் 12,09,600. வருமான இழப்பே நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால், தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள இன்னொரு முறைக்குப் போய்விடும்: சதவீதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. சதவீதத்துக்கு 5,000 என்று போட்டாலும் 45-க்கு 2,25,000தான். ஒரே காலுக்கு மூன்று தொகைகள். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் மருத்துவச் சாட்சியம்.

தனியார் சான்று

வேகம்தான் இதன் ஒரே பலம். டாக்டர் ஒரு நாள் பார்ப்பார், சான்று தருவார், வாய்தா தேதியில் வந்து சாட்சியும் சொல்லிவிடுவார். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். நீங்கள் சிகிச்சை அளித்தீர்களா? புதிதாக எக்ஸ்ரே எடுத்தீர்களா? மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளந்தீர்களா, அளவு சான்றில் எங்கே? எந்த வழிகாட்டியின்படி சதவீதம் போட்டீர்கள்? நான்கில் இரண்டுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலே 45 என்பது 30 ஆகக் குறைக்கப்படும்.

2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே சொல்லியிருக்கிறது: சிகிச்சை தராமல், முறையாக மதிப்பிடாமல், தயாராக வைத்திருப்பதுபோல் ஊனச் சான்று தருகிற டாக்டர்களின் சாட்சியத்தை ஏற்பதில் தீர்ப்பாயம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதற்காகத் தனியார் டாக்டர் சான்று எல்லாமே வீண் என்று அர்த்தமில்லை. பழைய எக்ஸ்ரே, புதிய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் பார்த்து, மூட்டு அசைவை டிகிரியில் எழுதி, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கிறது என்று அளந்து, எந்த வழிகாட்டி என்பதையும் குறிப்பிட்டிருந்தால் அது நிற்கும். சிகிச்சை தந்தவர் வெளிநாடு போய்விட்டார், கேஸ் ஷீட்டும் கிடைக்கவில்லை என்ற நிலையில் இதுதான் கையில் மிஞ்சும்.

மெடிக்கல் போர்டு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த நிபுணரின் உதவியைத் தீர்ப்பாயம் பெற வழி தருகிறது. டாக்டர் சான்றில் திருப்தி இல்லாவிட்டால் தீர்ப்பாயம் மெடிக்கல் போர்டு அமைத்து அனுப்பலாம் என்று அதே ராஜ்குமார் தீர்ப்பும் சொல்கிறது. வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நன்றாகத் தெரிந்த இடம். போர்டின் சான்று தீர்ப்பாயத்துக்கே நேராக வரும்; நீதிமன்ற ஆவணமாகக் குறியீடாகும், அதாவது எண் இட்டுச் சாட்சிய ஆவணமாகப் பதிவாகும். யாருடைய பணத்துக்கும் எழுதப்பட்டதல்ல என்பதால் இன்சூரன்ஸ் தரப்பு அதிகம் சண்டை போடாது. டாக்டரைக் கூண்டில் ஏற்றவேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது. கை கால் முறிவு, விரல் இழப்பு, மூட்டு இறுக்கம் ஆகியவற்றுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் போர்டு பார்ப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் கையில் இல்லாத காகிதம், இல்லாத காகிதம்தான். ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, முதல் எக்ஸ்ரே, சமீபத்திய எக்ஸ்ரே, ஓ.பி. சீட்டுகள், போட்டோ அடையாள அட்டை எல்லாம் தேதி வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும். அசல்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டு நகலோடு போகிறவர்கள் ஏராளம். எக்ஸ்ரே நகலில் எலும்பு கூடியிருக்கிறதா என்று தெரியாது. முன்கூட்டியே மனு போட்டு அசல் படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னொரு சிக்கல் காலம். எலும்பு கூடுவதற்கு முன்பு போனால் "தற்காலிக ஊனம்" என்று எழுதிவிடுவார்கள். அதை வைத்து எதிர்கால வருமான இழப்பு கேட்க முடியாது. பிளேட், ராடு எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருந்தால் அதையும் சான்றில் குறிப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட காயம் இருந்தால் சதவீதங்களைச் சும்மா கூட்டக்கூடாது. மத்திய அரசின் ஊன மதிப்பீட்டு வழிகாட்டியில் ஒரு வாய்பாடு உண்டு: பெரிய சதவீதம் அ, சிறியது ஆ என்றால், அ-வோடு, ஆ-வை (90 − அ)-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். கால் 45, கை 20 என்றால் 65 அல்ல. 45 + 20 × 45 ÷ 90, அதாவது 55. மனுவில் 65 என்று எழுதியிருந்தால் கணக்குத் தப்பு என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும், மற்ற எண்கள் மீதும் சந்தேகம் விழும்.

போர்டு சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். இந்த ஆள் இனி என்ன வேலை செய்ய முடியாது என்பதை அது சொல்வதில்லை. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு வலது கட்டைவிரல் விறைத்துப்போனால் போர்டு தரும் சதவீதம் சிறியதாகவே இருக்கும். பிழைப்போ முழுக்கப் போயிருக்கும். அதே விரலோடு ஒரு கணக்குப்பிள்ளை இடைஞ்சல் இருந்தாலும் வேலையைத் தொடர்வார்.

சிகிச்சை அளித்த டாக்டர்

மூன்றில் கனமான சாட்சி இவர்தான்; கிடைப்பதற்கு மிகவும் கஷ்டமானவரும் இவர்தான். காயத்தை முதல் நாளே பார்த்தவர், தசை எவ்வளவு போனது, சீழ் பிடித்ததா, எத்தனை முறை ஆபரேஷன் நடந்தது என்பதையெல்லாம் நேரில் அறிந்தவர். இவர் நேரில் கண்ட சாட்சியும்தான், நிபுணரும்தான். எதிர்காலச் செலவு பற்றி ஆதாரத்தோடு பேசக்கூடியவரும் இவரே: ராடு எடுக்க எவ்வளவு ஆகும், செயற்கைக் காலை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கூடவே ஆள் வைக்க வேண்டுமா. 2020-இல் காஜல் வழக்கில் உச்ச நீதிமன்றம் பராமரிப்பு ஆள் செலவுக்கே மல்டிப்ளையர் முறையில் தொகை வழங்கியது. அப்படிக் கேட்க வேண்டுமானால் அடிபட்டவருக்கு ஆள் துணை ஏன் வேண்டும் என்பதை ஒரு டாக்டர் விளக்கியாக வேண்டும்.

தலைக்காயம், முதுகுத்தண்டுக் காயம், கைநரம்பு அறுந்தது ஆகிய மூன்றிலும் போர்டு சான்றோடு நிற்காதீர்கள். தலையில் அடிபட்டவர் நடப்பார், பேசுவார். மறதியும் கோபமும் மேசைப் பரிசோதனையில் தெரியாது. ஞாபகசக்திச் சோதனை முடிவோடு நரம்பியல் டாக்டர் பேச வேண்டும். வேலைத்திறன் பற்றிச் சொல்ல, அறுவை செய்தவரைவிட மறுவாழ்வு மருத்துவத் துறை டாக்டர் இன்னும் பொருத்தமானவர். அடிபட்டவர் எதைத் தூக்க முடிகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று பார்ப்பதே அவர் வேலை. இந்த விஷயத்தில் வேலூர் கொடுத்துவைத்த ஊர். சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதித்துச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். பாகாயத்தில் அதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது.

வராத டாக்டரை வரவழைப்பது எப்படி? சம்மன் அனுப்பி, காலை 10.30-க்கு வரச்சொல்லி, சாயங்காலம் வரை உட்காரவைத்தால் எந்த சர்ஜனும் இரண்டாம் முறை வரமாட்டார். ராஜ்குமார் தீர்ப்பே இதற்கு வழி சொல்கிறது: டாக்டருக்குச் சௌகரியமான நேரத்தில், சாட்சியம் பதிவு செய்வதற்கென்று தீர்ப்பாயம் நியமிக்கும் கமிஷனர் மூலம் அதைப் பதிவு செய்யலாம், கோர்ட்டுக்கு வந்தால் குறித்த நேரம் கொடுத்து, காக்கவைக்காமல் விசாரித்து அனுப்பலாம். வக்கீல் கமிஷனர் மருத்துவமனைக்கே போனால் அரை மணியில் முடிகிற வேலை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வேலூருக்கு வந்து சிகிச்சை பெற்று, சித்தூரிலேயே வழக்குப் போட்டவர்களுக்கு வீடியோ கான்பரன்ஸ் கைகொடுக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போட்ட ஜூனியர் டாக்டர் படிப்பு முடிந்து வேறு மாநிலம் போயிருப்பார். அவரையே தேடி அலைய வேண்டாம். அதே யூனிட்டில் இருந்த, கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய, கேஸ் ஷீட் பார்த்துப் பேசக்கூடிய டாக்டர் போதும். மருத்துவப் பதிவேட்டுத் துறை ஊழியரை அழைத்துக் கேஸ் ஷீட்டை முதலிலேயே குறியீடு செய்துவிட வேண்டும்.

இந்தச் சாட்சி திருப்பிக் கடிப்பதும் உண்டு. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் "பைக்கிலிருந்து தானாக விழுந்தார்" என்றோ "மது வாடை" என்றோ எழுதியிருந்தால், டாக்டர் அதை மறைக்க மாட்டார், மறைக்கவும் கூடாது. அழைப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். அழைத்து வந்தவர் மயக்கத்தில் இருந்தவருக்குப் பதிலாகத் தகவல் சொன்னாரா என்று பார்த்து, சொன்னவர் யார் என்பதை டாக்டர் வாயாலேயே பதிவு செய்தால் அந்த வரியின் கனம் குறையும்.

எதிர்த்தரப்பு சான்றை மறுக்காவிட்டால், டாக்டரே இல்லாமல் சம்மதத்தின் பேரில் குறியீடு செய்யலாம்; நேரம் மிச்சம். ஆனால் அவர்கள் சம்மதிப்பது காகிதத்துக்கு, வருமான இழப்புக்கு அல்ல. அதனால் மனுதாரர் தன் நிரூபண வாக்குமூலத்திலேயே வேலையை விரிவாக எழுத வேண்டும்: எத்தனை மணி நேரம் நிற்பது, எத்தனை கிலோ தூக்குவது, எந்தக் கையால் இழுப்பது, விபத்துக்குப் பிறகு முதலாளி என்ன வேலை கொடுத்தார், கூலி எவ்வளவு குறைந்தது. முடிந்தால் மேஸ்திரியையோ முதலாளியையோ இரண்டாவது சாட்சியாக, சம்பளப் பதிவேட்டோடு அழைக்கவும். போர்டு சான்றின் 45 சதவீதத்தைப் பிழைப்போடு இணைக்கிற சாட்சிகள் அவர்கள்தான்.