ஸ்பாஞ்ச் ஃபில்டரா, ஹேங் ஆன் ஃபில்டரா?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள மீன் தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் இந்த அளவுத் தொட்டிக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் காட்டுவார்கள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஏர் பம்பில் ஓடுவது. குமிழிகள் மேலேறும்போது தண்ணீர் பஞ்சு வழியே இழுக்கப்படுகிறது. பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். மேற்பரப்பு கலங்குவதால் ஆக்சிஜனும் கரையும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரைகிற ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.5 தான். சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. கப்பி மீன் குஞ்சுகளும் உள்ளே இழுபடாது. குறை என்றால் பம்பின் இரைச்சல். படுக்கையறையில் வைத்தவர்களைக் கேளுங்கள்! பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும்.

ஹேங் ஆன் ஃபில்டர் தொட்டியின் விளிம்பில் தொங்கும். மிதக்கும் தூசியை நன்றாக வடிகட்டும், தண்ணீர் பளிச்சென்று இருக்கும். நிறைய கழிவு போடும் கோல்டுஃபிஷ்ஷுக்கு இதுதான் பொருத்தம், ஆனால் தொட்டி இதைவிடப் பெரிதாக வேண்டும். ஃபைட்டர் மீனுக்கு அந்த நீரோட்டம் வேதனை.

மின்வெட்டு உள்ள ஊரில் நான் ஸ்பாஞ்ச் பக்கம்தான்: பேட்டரி ஏர் பம்ப் மலிவு. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது மின்சாரம் நின்றால் தண்ணீர் பம்புக்குள் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வைக் குழாயில் போடுங்கள்.