நிலவுக்கு ஆள் அனுப்ப ஒரு ராக்கெட் போதுமா, இரண்டு வேண்டுமா, பத்துக்கு மேல் வேண்டுமா?

நிலவுக்கு மறுபடி மனிதர்களை அனுப்பும் ராக்கெட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எது உயரம், எதற்கு உந்துவிசை அதிகம், எதில் எத்தனை எஞ்சின் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எந்த வடிவமைப்பு நல்லது என்று முடிவு செய்ய அந்தக் கணக்கு உதவாது. ஒரு பயணத்துக்கு எத்தனை ஏவல் வேண்டும், பிரித்து ஏற்றிய சுமையை எங்கே வைத்துச் சேர்க்கிறார்கள், வீரர்கள் கிளம்பும் முன்பு எத்தனை காரியம் சரியாக நடந்து முடிந்திருக்க வேண்டும், இவைதான் கேள்விகள். இப்படிப் பார்த்தால் முதல் சில பயணங்களுக்கு ஒரே மாதிரியான இரண்டு ராக்கெட்டுகளை ஏவும் வழிதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் இங்கே.

முதலில் எடைக் கணக்கு. அப்போலோவில் தாய்க்கலமும் இறங்குகலமும் சேர்ந்து சுமார் 45 டன். அந்த 45 டன்னை நிலவுப் பாதையில் தள்ளிவிட, 110 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 2,900 டன் எடையோடு நின்ற சாட்டர்ன் 5 தேவைப்பட்டது. இதுவே எடையைக் குறைத்த பிறகு வந்த கணக்கு. கலம் முழுவதையும் நேராக நிலவில் இறக்கி அப்படியே திரும்பக் கிளப்புவது என்றால் நோவா என்று பெயர் வைத்திருந்த இன்னும் பெரிய ராக்கெட் வேண்டியிருந்திருக்கும். நிலவின் சுற்றுப்பாதையில் தாய்க்கலத்தை விட்டுவிட்டு சின்னதாக ஒரு கலம் மட்டும் இறங்கினால் போதும் என்று நாசா பொறியாளர் ஜான் ஹூபோல்ட் விடாமல் வாதாடினார், 1962ல் நாசா அதை ஏற்றுக்கொண்டது, அதனால்தான் ஒரே ஏவலில் காரியம் முடிந்தது. சாட்டர்ன் 5 மொத்தம் 13 முறை பறந்தது, ஆறு முறை மனிதர்கள் நிலவில் இறங்கினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் ராக்கெட் முழுவதும் போய்விடும், அந்தச் செலவை எந்த நாடும் நெடுநாள் தாங்காது. அதற்கப்புறம் வந்த வடிவமைப்புகள் எல்லாமே இந்த 45 டன்னை எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கான பதில்கள்தான்.

ஏரீஸ் ஜோடியா, ஜூபிடர் ஜோடியா

2004ல் அதிபர் புஷ் நிலவுக்குத் திரும்புவோம் என்று அறிவித்ததும் நாசா தேர்ந்தெடுத்தது ஒரு சின்ன ராக்கெட்டும் ஒரு ராட்சத ராக்கெட்டும். ஏரீஸ் 1 வீரர்களை ஓரையன் கலத்தில் மேலே கொண்டுபோகும், ஏரீஸ் 5 இறங்குகலத்தையும் நிலவை நோக்கித் தள்ளும் அடுக்கையும் கொண்டுபோகும், இரண்டும் பூமியின் தாழ்ந்த சுற்றுப்பாதையில் சந்தித்துக் கிளம்பும். கொலம்பியா விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) சிதைந்த விபத்துக்குப் பிறகு ஆட்களையும் சரக்கையும் ஒன்றாக ஏற்றக்கூடாது என்ற எண்ணம் வலுவாக இருந்தது, அதிலிருந்து வந்த ஏற்பாடு இது. எண்ணம் சரிதான், செயலாக்கம்தான் கோணலாகப் போனது.

ஏரீஸ் 1ன் முதல் அடுக்கு ஐந்து துண்டுகள் கொண்ட ஒரே ஒரு திட எரிபொருள் பூஸ்டர். நீளமான அந்தக் குழாய்க்குள் எரிவாயு நொடிக்கு 12 தடவை போல அதிர, அந்த அதிர்வு மேலே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் வரை போகும் என்று தெரிந்தது. அதை அடக்க எடை சேர்க்க வேண்டும், ராக்கெட்டுக்கோ தூக்கும் திறனில் மிச்சமே இல்லை, அதனால் ஓரையன் கலத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனார்கள். மறுபக்கம் ஏரீஸ் 5 வளர்ந்துகொண்டே போனது. விண்ணோடத்தின் 8.4 மீட்டர் அகலத் தொட்டியை வைத்து ஆரம்பித்தது 10 மீட்டர் ஆனது, எஞ்சின்கள் விண்ணோட எஞ்சினிலிருந்து ஆர்எஸ்-68 என்ற வேறு எஞ்சினுக்கு மாறின, அதுவும் ஐந்து ஆறானது. இரண்டு பெரிய பூஸ்டர்களின் நெருப்புக்கு நடுவில் அத்தனை எஞ்சின்களை நெருக்கி வைத்தால், உட்பூச்சு கரைவதன் மூலமே குளிர்ச்சி பெறும் அவற்றின் கூம்புகள் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. ஆகமொத்தம் இரண்டு புது ராக்கெட், இரண்டு விதமான உற்பத்தி, இரண்டு செலவு.

அதே சமயம் டைரக்ட் என்ற பெயரில் ஒரு பொறியாளர் குழு, நாசாவிலேயே வேலை பார்த்த சிலரும் பெயர் சொல்லாமல் சொந்த நேரத்தில் சேர்ந்து, ஜூபிடர் என்ற மாற்றுத் திட்டத்தை முன்வைத்தது. விண்ணோடத்தின் தொட்டி, பூஸ்டர்கள், எஞ்சின்கள் எதையும் பெரிதாக மாற்ற வேண்டாம், தொட்டிக்கு அடியில் எஞ்சினை வையுங்கள், உச்சியில் கலத்தை வையுங்கள், அவ்வளவுதான். ஜூபிடர்-130க்கு மேல் அடுக்கே கிடையாது, மூன்று விண்ணோட எஞ்சின். நிலவுக்கு என்றால் ஜூபிடர்-246, கீழே நான்கு எஞ்சின், மேல் அடுக்கில் ஆர்எல்10 என்ற சிறிய எஞ்சின் ஆறு. ஒரு பயணத்துக்கு அதே ராக்கெட்டை இரண்டு முறை ஏவ வேண்டும்.

எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்தது பழைய பாகங்களைப் பயன்படுத்தியதைவிட, சுமையைச் சமமாகப் பிரித்தது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்று வைத்தால் சின்னதன் போதாமை கலத்தைச் சுருக்குகிறது, பெரியதன் பேராசை அட்டவணையை நீட்டுகிறது. இரண்டும் ஒன்றே என்றால் ஒரு தொழிற்சாலை, ஒரு ஏவுதள ஏற்பாடு, ஒவ்வொரு ஏவலும் அடுத்த ஏவலுக்கான சோதனை. 2009ல் திட்டத்தை ஆராய அமெரிக்க அரசு அமைத்த, நார்மன் அகஸ்டின் தலைமையிலான குழுவும் ஏரீஸ் குடும்பத்துக்குள் ஒரு வழியைத் தேடியபோது, கொஞ்சம் சுருக்கிய ஏரீஸ் 5ஐ இரண்டாக ஏவும் யோசனையைத்தான் எடுத்துப் பேசியது. அந்த அக்டோபரில் ஏரீஸ் 1ன் சோதனை வடிவமான ஏரீஸ் 1-எக்ஸ் ஒரு முறை சோதனையாகப் பறந்தது. அடுத்த ஆண்டு திட்டமே கைவிடப்பட்டது.

எஸ்எல்எஸ்: ராக்கெட் வந்தது, திட்டம் வரவில்லை

2010ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய எஸ்எல்எஸ் (ஸ்பேஸ் லாஞ்ச் சிஸ்டம்), பார்வைக்கு ஜூபிடரின் அண்ணன். 8.4 மீட்டர் தொட்டி, நான்கு ஆர்எஸ்-25 (அதே விண்ணோட எஞ்சின்), இரண்டு ஐந்து துண்டு பூஸ்டர்கள். ஆனால் ஜூபிடரின் உயிரே இரட்டை ஏவல்தான், அதை விட்டுவிட்டார்கள். 2016 முடிவுக்குள் பறக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது, முதல் முறை பறந்தது 2022 நவம்பர் 16. அதற்குப் பிறகு 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. இந்த வேகத்தில் இரட்டை ஏவல் என்று வாயெடுக்கவே முடியாது. நாசாவின் தலைமைத் தணிக்கை ஆய்வாளர் 2022ல் சொன்ன கணக்குப்படி முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் ராக்கெட், கலம், தரை ஏற்பாடு எல்லாம் சேர்த்து 410 கோடி டாலர். அப்புறம் ஒரு வேதனை: பல முறை விண்ணுக்குப் போய்வந்த, மறுபடி பயன்படுத்தவே செய்யப்பட்ட விண்ணோட எஞ்சின்கள் இங்கே ஏவலுக்கு நான்காகக் கடலில் விழுகின்றன.

முதல் வடிவ எஸ்எல்எஸ் நிலவுப் பாதையில் தள்ளக்கூடியது 27 டன். ஓரையனே சுமார் 26 டன். ஆகவே இறங்குகலத்துக்கு அதில் இடமே இல்லை, அது வேறு யாராவது கொண்டுவர வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பழைய ஏரீஸ் திட்டத்தில் நிலவை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும் வேலை ஓரையனுக்கு இல்லை, ஆல்டேர் என்ற இறங்குகலம்தான் இரண்டுக்கும் சேர்த்துப் பிரேக் போடும். அதனால் ஓரையனின் சேவைப் பகுதிக்குச் சின்னத் தொட்டி போதும் என்று விட்டார்கள். திட்டம் ரத்தானபோது ஆல்டேர் போய்விட்டது, ஓரையன் மட்டும் பிழைத்தது, சின்னத் தொட்டியோடு. நிலவின் தாழ்ந்த சுற்றுப்பாதைக்குள் போய்த் திரும்பிவர நொடிக்கு சுமார் 1.8 கி.மீ. வேக மாற்றம் (எரிபொருளை எரித்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய மொத்த வேகம்) வேண்டும், ஓரையனிடம் இருப்பது 1.3 போல. அப்போலோ தாய்க்கலத்திடம் 2.8 இருந்தது.

அதனால்தான் நிலவை ஆறரை நாளுக்கு ஒரு முறை சுற்றும் நீண்ட பாதையை ஓரையனுக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். இதன் விளைவு நிலவின் தரையில் நிற்கும் ஆளுக்குத்தான். அப்போலோவில் தலைக்கு மேல் தாய்க்கலம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வந்துபோகும், ஏதாவது கோளாறு என்றால் உடனே கிளம்பலாம். இந்தப் பாதையில் கலம் தூரத்தில் இருக்கும் நேரத்தில் கோளாறு வந்தால், கிளம்பினாலும் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகலாம். ஆட்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ராக்கெட் வெடிக்குமா என்பதை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுவது சரியில்லை.

லாங் மார்ச் 10: சமமான இரண்டு

சீனா எடுத்திருக்கும் வழி எனக்கு ஏறக்குறைய டைரக்ட் குழுவின் வாதத்துக்கு வந்த பதில் மாதிரியே படுகிறது, சந்திக்கும் இடம் மட்டும் பூமியருகே இல்லாமல் நிலவருகே. லாங் மார்ச் 10 என்பது 5 மீட்டர் அகலமுள்ள மூன்று தண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிய ராக்கெட். ஒவ்வொரு தண்டிலும் ஏழு மண்ணெண்ணெய் எஞ்சின், ஆக 21. உயரம் 92 மீட்டர் அளவு, நிலவுப் பாதைக்கு 27 டன். ஒரு ராக்கெட்டில் லான்யூ இறங்குகலம், இன்னொன்றில் மெங்ஜோ கலம், இரண்டும் நிலவின் சுற்றுப்பாதையில் சேரும், இரண்டு பேர் இறங்குவார்கள். இரண்டு 27 சேர்ந்தால் 54 டன், அது சாட்டர்ன் 5 அனுப்பியதைவிட அதிகம். சாட்டர்ன் அளவுக்கு எதையும் கட்டாமலே இது கிடைக்கிறது.

இறங்குகலம் ஆளில்லாமல் தனியாகப் போய்ச் சேர்வதால், அது நல்லபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆட்களை அனுப்பலாம். அது கெட்டுப்போனால் யாரும் கிளம்பவே வேண்டாம். இதோடு அதே ராக்கெட்டின் ஒற்றைத் தண்டு வடிவமான 10ஏ விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோகவும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதாவது நிலவுப் பயணம் இல்லாத மாதங்களிலும் அதே எஞ்சின், அதே தொட்டி, அதே பணியாளர்கள் பழக்கத்தில் இருப்பார்கள். எஸ்எல்எஸ்ஸிடம் இல்லாதது இதுதான்.

எஞ்சின் நிறைய என்றதும் சோவியத் யூனியனின் நிலவு ராக்கெட்டான என்1ஐ நினைவுபடுத்துகிறவர்கள் உண்டு. 30 எஞ்சின், 1969 முதல் 1972 வரை நான்கு ஏவல், நான்கும் தோல்வி. ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த எஞ்சின்களின் சில வால்வுகள் ஒரு தடவைதான் திறக்கும், அதனால் பறக்கப்போகிற எஞ்சினை முன்கூட்டி எரித்துப் பார்க்க வழியில்லை, ஆறில் இரண்டை எரித்துப் பார்த்துவிட்டு மீதியை நம்பினார்கள். முதல் அடுக்கு முழுவதையும் தரையில் கட்டிவைத்து ஒரு முறைகூட எரித்துப் பார்க்கவில்லை. சீனா 2025 ஆகஸ்டிலேயே ஏழு எஞ்சினையும் சேர்த்துத் தரையில் எரித்துப் பார்த்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 27 டன் என்பது இரண்டு பேர் சில நாள் தங்கி வரத்தான். வீடு, மின்நிலையம், பெரிய வண்டி என்று ஆரம்பித்தால் இந்த ராக்கெட் திணறும். மூன்று தண்டு சேர்ந்த முழு வடிவமும் இனிமேல்தான் தன்னை நிரூபிக்க வேண்டும்.

ஸ்டார்ஷிப்: மேலே போய் நிரப்பிக்கொள்வது

2021 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸுக்கு நாசா 289 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது, ஸ்டார்ஷிப்பின் நிலவு வடிவத்தை இறங்குகலமாகச் செய்துகொடுக்க. சுமார் 50 மீட்டர் உயரம், ஆட்கள் லிஃப்டில் இறங்க வேண்டும். கீழே இருக்கும் சூப்பர் ஹெவி என்ற முதல் அடுக்கு 33 எஞ்சினோடு திரும்பி வந்துவிடும். 2024 அக்டோபர் 13ல் ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு கைகள் அதைப் பிடித்ததைப் பார்த்தபோது, ராக்கெட்டைக் கடலில் எறியும் காலம் முடிகிறது என்று நிஜமாகவே நம்பினேன்.

ஆனால் எடை. இந்தக் கலத்தின் வெறும் உடம்பே நூறு டன் அளவுக்கு வரும், அது முழுவதையும் நிலவில் இறக்கித் திரும்ப மேலே தூக்க வேண்டும். பூமியின் சுற்றுப்பாதையை விட்டுக் கிளம்பியதிலிருந்து கூட்டினால் நொடிக்கு சுமார் 9 கி.மீ. வேக மாற்றம். அதனால் பூமியருகே ஆயிரம் டன்னுக்கு மேல் திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் நிரப்பினால்தான் அது நகரும், அதற்குப் பத்துக்கு மேல் டேங்கர் ஏவல் வேண்டியிருக்கும் என்பது நாசா தரப்பிலிருந்தே வந்த மதிப்பீடு. டேங்கர்கள் தாமதித்தால் முன்னால் ஏற்றியது ஆவியாகும், ஆக வேகமும் வேண்டும். 2024 மார்ச்சில் ஒரே கலத்தின் உள்ளே தொட்டிக்குத் தொட்டி மாற்றிக் காட்டினார்கள். எடையற்ற நிலையில் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு நூற்றுக்கணக்கான டன் உறைகுளிர்த் திரவத்தை மாற்றுவது அதைவிடப் பல மடங்கு கடினம், இந்த வழி மொத்தமும் அதை நம்பித்தான் நிற்கிறது. இறங்குகலம் ஆளில்லாமல் முன்னால் போவதால் டேங்கர் ஒன்று தோற்றால் யாருக்கும் ஆபத்தில்லை, தாமதம்தான். நிலவில் நிரந்தரமாகத் தங்கப்போகிறோம் என்றால் இதைவிடப் பெரிய சுமையை இறக்க எதனாலும் முடியாது, அதை மறுக்கவே மாட்டேன்.

ப்ளூ ஆரிஜின் என்ற நிறுவனமும் 2023 மே மாதம் இறங்குகலம் செய்ய 340 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருக்கிறது. அதன் இறங்குகலம் சிறியது, ஆனால் திரவ ஹைட்ரஜனில் ஓடுவது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் ஹைட்ரஜனை வாரக்கணக்கில் ஆவியாகாமல் வைத்திருப்பது மீத்தேனைவிடப் பெரிய பாடு, இங்கேயும் வழியில் நிரப்பத்தான் வேண்டும்.

அமெரிக்கா வகுத்த ஏற்பாடு இவற்றைக் கலந்தது: ஆட்கள் எஸ்எல்எஸ்ஸில், இறங்குகலம் ஸ்டார்ஷிப்பில். அடிக்கடி ஏவ முடியாத ராக்கெட் ஒரு பக்கம், அடிக்கடி ஏவியே ஆகவேண்டிய ராக்கெட் இன்னொரு பக்கம், சந்திப்பது ஓரையனின் சின்னத் தொட்டி தீர்மானித்த பாதையில். ஒரு பக்கம் தாமதித்தால் மறுபக்கம் காத்திருக்க வேண்டும். என் கையில் விட்டால் முதலில் மாற்றுவது ஓரையனின் சேவைப் பகுதியை. பெரிய தொட்டி வைத்தால் எடை கூடும், 27 டன்னுக்குள் அடங்காது, அப்போது பூமியருகே இன்னொரு ராக்கெட் கொண்டுவரும் தள்ளும் அடுக்கோடு அதை இணைத்து அனுப்ப வேண்டும், அதாவது இரட்டை ஏவல். இதற்குப் பிரம்மாண்டமான புது ராக்கெட் எதுவும் தேவையில்லை, ஏற்கெனவே அடிக்கடி பறக்கிற கனரக ராக்கெட்டுகளில் ஒன்றே அந்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு போகலாம்.