சைபீரிய ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களுக்கு ஏற்ற பிளக் டைமர்

5-க்கு 4 கொடுக்கிறேன். ஹாம்ஸ்டர் (எலி போன்ற குட்டி வளர்ப்பு விலங்கு) கூண்டு இருக்கும் அறையின் விளக்கை நேரத்துக்குப் போட்டு அணைக்கும் டிஜிட்டல் டைமர் இது. உள்ளே பேட்டரி இருப்பதால், கரன்ட் போய் வந்தாலும் கடிகாரம் பிசகுவதில்லை. வாங்கியதே இதற்காகத்தான்.

சைபீரிய ஹாம்ஸ்டருக்கு இது சின்ன விஷயமல்ல. இருட்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அவ்வளவு நேரம் மூளையில் உள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அதை வைத்துத்தான் உடம்பு பருவத்தைத் தெரிந்துகொள்கிறது. இரவு நீண்டால், பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸுக்குள் தைராய்டு ஹார்மோனின் செயல் குறைந்து, பசியும் அடங்கிவிடும். 16 மணி நேர வெளிச்சத்தை 8 ஆக்கினால், சில மாதங்களில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும். பெரும்பாலும் கொழுப்புதான் கரைகிறது. ஆனால் நடுராத்திரியில் சில நிமிடம் விளக்கு எரிந்தாலே மெலடோனின் சட்டென்று இறங்கிவிடும். பேட்டரி இல்லாத டைமரை நம்ப முடியாதது இதனால்தான்.

பகலைக் குறைத்த பிறகு நான் வளர்ப்பது, கிண்ணத்தில் தீனி மிச்சமிருக்கும்போதே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. சாம்பல் நிற முதுகில் வெள்ளை முடி கலந்து, கடைசியில் நடுமுதுகுக் கோடு மட்டும் கருமையாக நின்றது. தயவுசெய்து அந்தச் சமயத்தில் சூரியகாந்தி விதையைக் காட்டி ஆசை காட்டாதீர்கள். ஆய்வுக்கூடங்களில் இப்படி மெலிந்து வரும் ஹாம்ஸ்டர்களுக்குத் தீனியைக் குறைத்து இன்னும் மெலிய வைத்து, பிறகு வேண்டிய மட்டும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவை கோடைகால எடைக்குத் திரும்பவில்லை. பட்டினி போடாத ஹாம்ஸ்டர்கள் அந்த வாரத்தில் எந்த எடையில் இருந்தனவோ, அந்த எடைக்கே இவை வந்து நின்றன. பருவத்துக்கு எவ்வளவு கொழுப்பு வேண்டும் என்பதை மூளையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று நான் படித்ததில்லை. (சிரிய ஹாம்ஸ்டர் இதற்கு நேர் எதிர்: பகல் குறுகினால் கொழுக்கும்.) திடீரென்று மெலிந்து, சோர்ந்து கிடந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு புள்ளி குறைத்ததற்குக் காரணம் திரை. இரவு முழுக்க நீல வெளிச்சம். அணைக்க வழியே இல்லை. கறுப்பு டேப் ஒட்டித்தான் மறைத்தேன். பகல் நீளத்தைத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் வசதியும் கிடையாது. வாரா வாரம் நாமேதான் மாற்ற வேண்டும். விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயின் சத்தம் மெலிதுதான், ஹாம்ஸ்டர் காதைக்கூட அசைக்கவில்லை.